கலாநிதிப் பட்டமும் அதன் விலையும்: உளவியற் கல்வி வரலாற்றிலிருந்து ஒரு நோக்கு

சிங்கராஜ வனத்தின் கிழக்கெல்லையை அடுத்து இறக்குவானை மலைத்தொடர் கிடக்கின்றது. அதன் சாரலில் அமைந்த இறக்குவானை, சிங்கள வழக்கில் றக்வான எனப்படும் சிறு நகர், முன்னர்க் கோப்பியாலும் பின்னர்த் தேயிலையாலும் இறப்பராலும் வாழ்வு பெற்றதாகும். அந்நகரைச் சூழ்ந்த தோட்டங்களின் லயங்களிற் பிறந்து, உயர்தரப் பரீட்சையில் தேறி, பல்கலைக்கழகம் புகுந்து, உளவியலை ஒரு பாடமாகக் கற்றுப் பட்டதாரியாய் மீள்வோர் இக்காலத்தில் உளர். அத்தகையார் ஒருவர் ஊர் திரும்பியதும் அவர்தம் வீட்டில் ஒரு வினா எழுகின்றது. மேலும் பயின்று கலாநிதிப் பட்டம் பெறுவதா, அன்றிக் கையெட்டும் தூரத்திலுள்ள ஆசிரியத் தொழிலை ஏற்பதா? அடகு வைத்த தாயின் காதணி எப்போது மீளும், தங்கையின் படிப்புக்கு யார் பொறுப்பு, கூரை எந்த ஆண்டில் வேயப்படும் என்பனவெல்லாம் அவ்வொரு வினாவினுள் அடங்கிக் கிடக்கின்றன.

இவ்வினாவுக்கு விடையிறுப்போர் பெரும்பாலும் இரு திறத்தார். கல்விக்கு விலையில்லை, எவ்வாறேனும் படிக்கவேண்டும் என்பார் ஒரு சாரார். பட்டம் சோறு போடாது, படித்தது போதும் என்பார் மற்றொரு சாரார். கலாநிதிப் பட்டம் என்பது என்றும் எங்கும் ஒரே பொருள் என இரு சாராரும் கொள்கின்றனர். வரலாறோ வேறு கூறுகின்றது. ஒரே பெயரின் கீழ் மூன்று வேறு பொருள்கள் காலந்தோறும் வழங்கி வந்துள்ளன. ஒன்று, ஆராய்ச்சியிற் பெற்ற தேர்ச்சிக்குச் சான்று. மற்றொன்று, உயர்கல்வி நிலையங்களிற் கற்பிக்கும் உரிமை. பிறிதொன்று, நோயுற்ற உள்ளத்துக்குச் சிகிச்சை செய்யும் அனுமதி. இவற்றுள் எதனை வாங்க எண்ணுகின்றோம் என்று அறியாமல் விலை பேசுதல் பொருந்தாது. ஆதலின் அப்பட்டத்தின் வரலாற்றை, சிறப்பாக உளவியலில் அது வளர்ந்த முறையை, முதற்கண் நோக்குதல் தகும்.

பட்டத்தின் தோற்றம்

இடைக்கால ஐரோப்பாவில் ‘டொக்டர்’ என்ற சொல் கற்பிப்பவர் என்னும் பொருளையே தந்தது. போலோனா, பாரிஸ் முதலிய நகர்களின் பழம் பல்கலைக்கழகங்களில் அப்பட்டம் பெற்றவர் கற்பிக்கும் தகுதி உடையவராக மதிக்கப்பட்டார். 1810இல் பேர்லின் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்ற பின்னரே ஜேர்மனியிற் புதியதொரு கருத்து வேரூன்றியது. கற்றதை ஒப்புவிப்பது மட்டும் போதாது, முன்பு அறியப்படாத ஒன்றை ஆராய்ந்து நிறுவுதலே உயர்கல்வியின் முடிவு என்பதே அக்கருத்து. ஐக்கிய அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1861இல் முதன்முதலாக இப்புதுவகைக் கலாநிதிப் பட்டத்தை வழங்கியது. இங்கிலாந்தோ நெடுங்காலம் இதனை ஏற்கவில்லை. ஒக்ஸ்போர்ட் 1917இல் ஏற்றது. சில ஆண்டுகளுள் இலண்டன் முதலிய பிறவும் பின்பற்றின. அறிவு வேட்கை மட்டுமே இம்மாற்றத்துக்குக் காரணமன்று. ஜேர்மனியை நாடிச் சென்ற அமெரிக்க மாணாக்கரைத் தம்பால் ஈர்க்கும் நோக்கமும் அதிற் கலந்திருந்தது. இன்று தொன்மையான அறிவு மரபின் சின்னமாக எண்ணப்படும் இப்பட்டம், இங்கிலாந்தில் ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மிகுந்த வயதினதே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

உளவியல் தனித்துறையாகப் பிறந்ததும் இக்கால எல்லையினுள்ளேயாம். லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வூண்ட் 1879இல் ஆய்வுகூடம் அமைத்ததையே அத்துறையின் பிறப்பாகக் கூறுவது மரபு. வூண்ட் தாம் பெற்றிருந்தது மருத்துவப் பட்டம். அமெரிக்காவில் இத்துறைக்கு வித்திட்ட வில்லியம் ஜேம்ஸ் பெற்றிருந்ததும் 1869இல் ஹார்வர்ட் வழங்கிய மருத்துவப் பட்டமே. உள்ளப் பகுப்பாய்வை நிறுவிய புரொய்ட் 1881இற் பெற்றதும் அதுவே. ஆக, உளவியலைத் தோற்றுவித்த பெரியார் பலர் உளவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றவரல்லர். துறையே இல்லாத காலத்தில் துறையின் பட்டம் எங்ஙனம் இருக்கும்? அவர்களிடம் வினா இருந்தது. பட்டம் அவ்வினாவின் நிழலாகப் பின்னர் வந்தது.

ஹார்வர்டிற் கண்ட இரு காட்சிகள்

ஜேம்சிடம் பயின்ற ஸ்டான்லி ஹோல் 1878இல் ஹார்வர்டிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் உளவியல் சார்ந்த முதற் கலாநிதிப் பட்டம் இதுவெனக் கொள்வர். பின்னர் 1892இல் அமெரிக்க உளவியற் சங்கம் தோன்றுவதற்கு அவரே முன்னின்றார். இஃது ஒருபுறமிருக்க, அதே பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த வேறிரு நிகழ்ச்சிகள் பட்டத்தின் மதிப்பைக் குறித்துத் தெளிவான பாடம் புகட்டுகின்றன.

முதலாவது, மேரி கல்கின்ஸ் என்னும் அம்மையாரின் வரலாறு. வெல்லெஸ்லிக் கல்லூரியில் 1891இல் உளவியல் ஆய்வுகூடம் நிறுவிய அவர், ஹார்வர்டில் ஜேம்ஸ், முன்ஸ்டர்பேர்க் ஆகியோரிடம் பயின்றார். நிறங்களும் எண்களும் நினைவில் இணையும் முறையை ஆராய்ந்தார். 1895இல் ஆசிரியர் குழு அவரைப் பரீட்சித்து, கலாநிதிப் பட்டத்துக்கு முற்றிலும் தகுதியுடையவர் எனக் கண்டது. ஆயினும் பெண் என்ற ஒரே காரணத்தால் ஹார்வர்ட் பட்டத்தை மறுத்தது. 1902இல் பெண்களுக்குரிய ராட்கிளிஃப் கல்லூரியின் பெயரால் அப்பட்டத்தைப் பெறலாம் என்றனர். தாம் பயின்றது ஹார்வர்டில் என்பதால் அம்மையார் அதனை ஏற்க மறுத்தார். 1905இல் அமெரிக்க உளவியற் சங்கத்தின் தலைமை அவரைத் தேடி வந்தது. அப்பதவியை வகித்த முதற் பெண்மணி அவரே. பட்டமின்மை அவரது ஆராய்ச்சியைக் குறைக்கவில்லை. ஆயினும் இதனைக் கொண்டு பட்டம் வேண்டாத பொருள் என முடிவு செய்தல் பிழையாம். வெல்லெஸ்லியில் அவருக்கு நிலையான பேராசிரியப் பதவி இருந்தது. பட்டமின்றி நிற்கக் காலூன்ற ஓரிடம் வேண்டும். அஃது அவரிடம் இருந்தது.

இரண்டாவது, ஜேம்ஸ் 1903இல் எழுதிய ஒரு கட்டுரை. கலாநிதிப் பட்ட மோகத்தை எட்டுக்கைக் கடல்விலங்குக்கு ஒப்பிட்டு அவர் அதனை எழுதினார். கற்பிக்கும் ஆற்றல் நிரம்பிய ஒருவரைத் தெரிந்தெடுத்த கல்லூரியொன்று, அவர் கலாநிதி அல்லர் என அறிந்ததும் தயங்கிய செய்தியை அதிற் குறிப்பிட்டார். கல்லூரிகள் தம் விளம்பரப் பட்டியலை அலங்கரிக்கவே இப்பட்டத்தைத் தேடுகின்றன, இயல்பிலே ஆராய்ச்சி நாட்டமில்லாத நல்லாசிரியர்கள் வீணே துன்புறுகின்றனர் என்பது அவர் கருத்து. பலருக்குக் கலாநிதிப் பட்டம் பெற வழிகாட்டிய ஆசிரியரே இங்ஙனம் கூறியமையால் அவர் சொல் எடையுடையது. எனினும் உலகம் அவர் எச்சரித்த வழியிலேயே சென்றது. ஆராய்ச்சித் தேர்ச்சிக்குச் சான்றாய்த் தொடங்கிய பட்டம், பதவிக்கு வாயிற்காவலாய் மாறியது.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் மூன்றாம் பொருளும் சேர்ந்தது. போரினால் உள்ளம் நைந்து மீண்ட வீரர் பல்லாயிரவருக்குச் சிகிச்சையளிக்க அமெரிக்காவில் உளவியலாளர் தேவைப்பட்டனர். 1949இல் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரிற் கூடிய மாநாடு, மருத்துவ உளவியலாளர் ஆராய்ச்சியாளராகவும் சிகிச்சையாளராகவும் பயிற்றப்படவேண்டும் என்று முடிவு செய்தது. ஆராய்ச்சியில் விருப்பமின்றிச் சிகிச்சைத் தொழிலையே நாடுவோருக்கென இலினோய் பல்கலைக்கழகம் 1968இல் வேறொரு தொழில்முறைக் கலாநிதிப் பட்டத்தைத் தொடங்கியது. இவ்விரு வழிகளுக்கும் செலவில் மிகப் பெரிய வேறுபாடு உண்டு. ஆராய்ச்சிக் கலாநிதி மாணாக்கருக்கு அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பல கட்டணத்தை நீக்கி, உதவி ஆசிரியப் பணியளித்து, மாதப் படியும் தருகின்றன. தொழில்முறைக் கலாநிதிப் பட்டத்தை நாடுவோரிற் பெரும்பாலார் தம் பொறுப்பிற் கடன்பட்டே அதனைப் பெறுகின்றனர். அக்கடன் அங்கேயே சிகிச்சைத் தொழில் புரிந்து தீர்க்கப்படுவதற்கென அமைந்தது. அத்தொழில் அமையாத நாட்டுக்கு அப்பட்டத்தைக் கொண்டு மீள்பவரிடம் கடன் மட்டும் எஞ்சும்.

பாரத நாட்டு அனுபவம்

கீழை நாட்டில் இத்துறை வேரூன்றிய முறை வேறு. ஹார்வர்டிற் பயின்று மீண்ட நரேந்திரநாத் சென்குப்தாவின் பொறுப்பில் 1916இற் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளவியற்றுறை தொடங்கியது. அங்கே மருத்துவராகத் தொழில் புரிந்து வந்த கிரீந்திரசேகர போஸ், தம் தொழிலைக் கைவிடாமலே உளவியல் பயின்று 1917இல் முதுமாணிப் பட்டமும், உள்ளத்து விருப்பங்கள் அடக்கப்படுதல் பற்றிய ஆய்வுக்காக 1921இற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். இந்தியப் பல்கலைக்கழகமொன்று உளவியலில் வழங்கிய முதற் கலாநிதிப் பட்டம் இதுவே என்பர். அடுத்த ஆண்டு இந்திய உள்ளப் பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிய அவர், புரொய்டுடன் கடிதவழி விவாதித்துத் தம் கருத்து வேறுபாட்டையும் தயங்காது எடுத்துரைத்தார். 1940இல் உளநோயாளருக்கென லும்பினி பார்க் மருத்துவமனை எழுந்ததும் அவர் முயற்சியாலேயாம். அவர் செலவு எங்ஙனம் ஈடுசெய்யப்பட்டது? மருத்துவத் தொழில் உணவளித்தது. நோயாளரின் துயர் ஆய்வுக்கு வினாவளித்தது. தொழிலும் ஆய்வும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

இலண்டனில் ஸ்பியர்மனிடம் பயின்று கலாநிதியாகிய எம். வி. கோபாலசுவாமி, 1924இல் மைசூரில் உளவியற்றுறையைப் பொறுப்பேற்றார். 1935இல் தம் இல்லத்திலேயே ஒரு வானொலி நிலையத்தையும் தொடங்கிய பெருமை அவருக்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இல் ஜி. டி. போவாசின் தலைமையில் உளவியற்றுறை அமைந்தது. இவை யாவும் ஆராய்ச்சியையும் கற்பித்தலையும் சார்ந்தவை. சிகிச்சைக்குரிய பயிற்சியோ வேறு வழியில் வளர்ந்தது. பெங்களூரில் அமைந்த அகில இந்திய உளநல நிலையம் 1955இல் மருத்துவ உளவியலுக்கென ஒரு தகைமைப் பயிற்சியைத் தொடங்கியது. அந்நிலையமே 1974இல் உளநலத்துக்கும் நரம்பியலுக்குமான தேசிய நிலையமாக விரிந்தது. 1992ஆம் ஆண்டு மறுவாழ்வு மன்றச் சட்டத்தின் கீழ் மருத்துவ உளவியலாளராகப் பதிவு பெறுதற்கு நெடுங்காலம் வாயிலாக இருந்தது இருவருட முதுதத்துவமாணிப் பயிற்சியே. இலங்கையிலும் மருத்துவ உளவியலுக்கெனக் கொழும்புப் பல்கலைக்கழகம் அமைத்தது முதுதத்துவமாணிப் பயிற்சியேயாம். எனவே, நோயாளரின் துயர் தீர்க்கவே விழைவார் ஒருவர், அமெரிக்க வழக்கைப் பார்த்துக் கலாநிதிப் பட்டம் இன்றியமையாதது என எண்ணுவது, வேறோர் ஊரின் வரைபடத்தைக் கையிற் கொண்டு தம் ஊரில் வழி தேடுதலை ஒக்கும்.

ஈழத்து நிலை

இலங்கையில் உயர்கல்வி வரலாறு நீண்ட போராட்டத்தின் விளைவாகும். சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் 1906இற் பல்கலைக்கழகச் சங்கம் அமைத்து முயன்றதன் பயனாக 1921இற் பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் தோன்றின. இடைப்பட்ட காலத்தில் ஈழத்து மாணாக்கர் பலர் இலண்டன் பல்கலைக்கழக வெளிவாரிப் பரீட்சைகளுக்குத் தோற்றியே பட்டம் பெற்றனர். அவருள் ஒருவர் சுவாமி விபுலாநந்தர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராகவும் 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியாகவும் விளங்கிய அவர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியரானார். கலாநிதிப் பட்டம் அவரிடம் இல்லை. யாரும் அதனைக் கேட்கவுமில்லை. நெடுங்கால உழைப்பின் பயனான யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. அக்காலம் இன்று இல்லை. இன்று அத்தகையார் ஒருவர் பல்கலைக்கழகத்தின் வாயிலில் நிற்பின், அவரது யாழைக் கேட்பதற்கு முன்னர்ச் சான்றிதழைக் கேட்பர். ஜேம்ஸ் அஞ்சியது இதுவே.

சப்பிரகமுவ மாகாணத்துக்கும் கலாநிதிப் பட்ட வரலாற்றில் ஓரிடமுண்டு. இலங்கைக் கனிப்பொருள் அளவைக்குத் தலைமை தாங்கிய ஆனந்த குமாரசுவாமி, இறக்குவானைக்கு வடக்கேயுள்ள பலாங்கொடைப் பகுதியின் ஆற்றுச் சரளையிற் கிடைத்த கரிய கனிப்பொருளொன்றை ஆராய்ந்தார். 1904இல் அது புதுக் கனிப்பொருள் என உறுதிசெய்யப்பட்டு ‘தோரியனைற்’ என்னும் பெயர் பெற்றது. 1902 முதல் 1906 வரை இந்நாட்டுக் கனிப்பொருள்கள் பற்றிச் செய்த ஆராய்ச்சிக்காக இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு விஞ்ஞான கலாநிதிப் பட்டத்தை வழங்கியது. ஆயின் அவர் புகழ் பெற்றது நிலவியலால் அன்று. கிராமங்கள்தோறும் சென்று கல்லைத் தேடியவர் கைவினைஞரின் அழிந்துவரும் கலையைக் கண்டார். 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். பிற்காலத்தில் பொஸ்ரன் கலைக்கூடத்திலிருந்து இந்திய மரபில் உள்ளத்தின் இயல்பு பற்றியும் எழுதினார். செல்வக் குடும்பத்திற் பிறந்த அவருக்குப் பட்டத்தின் விலை பெரிதன்று. திசை மாறும் உரிமையும் இருந்தது.

உளவியல் இலங்கைப் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலம் மெய்யியல், கல்வியியல் துறைகளின் நிழலிலேயே வளர்ந்தது. பேராசிரியர் சரச்சந்திர இலண்டனிற் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்தது பௌத்த மரபிற் புலனுணர்வு பற்றிய உளவியல். அந்நூல் 1958இல் அச்சேறியது. அதற்கு இரு ஆண்டுகளுக்கு முன் மேடையேறிய ‘மனமே’ நாடகமோ அவரை நாடறியச் செய்தது. கலாநிதிப் பட்டம் இவ்விருவர்க்கும் வீணாயிற்று என்பதற்கில்லை. ஒன்றை ஐயம் நீங்கும்வரை ஆராயும் பழக்கத்தை அஃது அளித்தது. அப்பழக்கம் வேறு நிலத்திற் பயன் விளைத்தது. ஆனால் இத்தகைய பயனை முன்கூட்டியே கணக்கிட்டு எவரும் கடன் வாங்க இயலாது.

தோட்டத்தின் கணக்கு

இனி, இறக்குவானை வீட்டுக்கு மீளலாம். தோட்டப் பிள்ளைகளின் கல்வி 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தாலும் 1920ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டத்தாலும் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கப்பட்டது. நடைமுறையில் அஃது ஓர் அறையும் ஓர் ஆசிரியருமாக நின்றது. 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் முழுப் பயனையும் அடையவில்லை. 1977 முதலே அவை படிப்படியாக அரச பொறுப்பில் வந்தன. நாட்டின் பிற பகுதிகளில் மூன்று தலைமுறையாகக் கிடைத்த வாய்ப்பு இங்கே ஒரு தலைமுறையினருக்கே கிடைத்தது. எனவே இங்கிருந்து வரும் பட்டதாரி தம் குடும்பத்தின் முதற் பட்டதாரி மட்டுமல்லர். பலவேளை, மாதச் சம்பளம் பெறத்தக்க முதல் ஆளும் அவரே.

இலவசக் கல்வியோ முதற்பட்டத்துடன் நின்றுவிடுகின்றது. அதற்கு மேற்பட்ட பட்டங்களுக்கு அரச பல்கலைக்கழகங்களிலும் கட்டணம் உண்டு. பிறநாடு செல்லின் செலவு எத்துணை என்பதை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் நெடிய போராட்டத்தின் பின் 2021இல் 1,000 ரூபாவாக விதிக்கப்பட்டது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஒரு பவுண் ஏறத்தாழ 270 ரூபா. இங்கிலாந்தில் ஓராண்டுக் கட்டணம் 20,000 பவுண் எனக் கொண்டால் அது 54 இலட்சம் ரூபாவாகும். ஆண்டுக்கு 300 நாள் ஓயாது பேர் விழுந்தாலும், கொழுந்து பறிக்கும் ஒருத்தி அத்தொகையை ஈட்டப் 18 ஆண்டுகள் வேண்டும். மூன்றாண்டுப் படிப்புக்கு 54 ஆண்டுகள்; உணவும் உறையுளும் இக்கணக்கிற் சேரவில்லை. இதனோடு, ஆசிரியத் தொழிலை ஏற்றிருந்தால் அக்காலத்தில் வந்திருக்கும் சம்பளத்தையும் கூட்டவேண்டும். இத்தகைய விலையைத் தனியொரு குடும்பம் கடன்பட்டுத் தருதல் ஒருபோதும் தகாது. அவ்வாறு தருமாறு தூண்டுவது கல்வியின் பெருமை பேசுவதாகாது.

எனின், தோட்டத்துப் பிள்ளைக்கு உளவியற் கலாநிதிப் பட்டம் எட்டாக்கனி என்று விட்டுவிடலாமா? அதுவும் தகாது. ஏனெனில் இம்மண்ணில் ஆராயப்படாத வினாக்கள் பல உள. 1995இல் இலங்கையிற் றற்கொலை வீதம் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 என்னும் உச்சத்தை அடைந்தது. மிகு நச்சுத்தன்மையுடைய பூச்சிநாசினிகள் 1995இலும் 1998இலும் தடைசெய்யப்பட்ட பின்னர், 2005ஆம் ஆண்டளவில் அவ்வீதம் ஏறக்குறையப் பாதியாயிற்று. தேயிலைத் தோட்டங்களில் நன்கறியப்பட்ட பராகுவாட் களைநாசினியும் 2008 முதல் 2011 வரையில் நீக்கப்பட்டது. கொடிய நஞ்சு கைக்கெட்டாதபோது, கணநேரத் துயரிற் றவறிழைக்க முனைந்தோர் பலர் உயிர் பிழைத்தனர் என்பதை ஆராய்ச்சி நிறுவியது. பொறுமையாய் எண்ணிக் கணக்கெடுத்த ஆய்வு எத்துணை உயிர்களைக் காக்க உதவும் என்பதற்கு இந்நாட்டிலேயே கிடைத்த சான்று இது.

எஞ்சிய வினாக்கள் இன்னும் நுண்ணியவை. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேரை இங்கே ஏற்கவும் வகுத்தபோது, ஒரே லயத்துக் குடும்பங்கள் இரு நாடாய்ப் பிரிந்தன. 1981இல் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் வன்செயல் நிகழ்ந்தபோது பலர் வாழ்ந்த இடம் விட்டு அகன்றனர். அப்பிரிவும் அச்சமும் பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் எவ்வாறு தங்கின? தோட்டத்துத் தாயொருத்தி ‘நெஞ்சு கனக்குது, கை கால் ஓயுது’ என்று சொல்லும்போது அஃது உடல்நோயா, உளத்துயரா, இரண்டுமா? பிறமொழியில் ஆக்கிய வினாத்தாளை மொழிபெயர்த்துக் கொணர்பவர் இதனை அறிதல் அரிது. அவ்வழக்கிற் பிறந்து வளர்ந்தவரே அறிதற்குரியர். இவ்வினாக்களுள் ஒன்று ஒருவரின் உறக்கத்தைக் கெடுக்குமாயின், அவருக்குக் கலாநிதிப் பட்டம் ஆடம்பரமன்று, கைக்கருவி.

முடிவு

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று கேள்விகள் பிறக்கின்றன. முதலாவது, எதற்காக? சிகிச்சையே நோக்கமெனின் அதற்குரிய பதிவுபெற்ற பயிற்சியை நாடுக. பாடசாலையில் உளவளத்துணை ஆற்றுதல் நோக்கமெனின், ஆசிரியத் தொழிலை ஏற்று அதனுடன் உரிய தகைமைச் சான்றிதழைப் பெறுக. ஆராய்ச்சியே நோக்கமெனின் கலாநிதிப் பட்டத்தை எண்ணுக. பெயருக்கு முன் ஓர் அடைமொழி வேண்டும் என்பதே நோக்கமெனின் அதற்கு எந்த விலையும் மிகையேயாம்.

இரண்டாவது, யாருடைய செலவில்? பட்டத்தாற் பயன்பெற்றோர் தம் வாழ்வுக்கு வேறோர் ஆதாரம் கொண்டிருந்தனர். போசுக்கு மருத்துவத் தொழில், கல்கின்சுக்குக் கல்லூரிப் பதவி, குமாரசுவாமிக்குக் குடும்பச் செல்வம். செல்வமில்லாதார்க்கு உரிய வழி புலமைப்பரிசிலும் பதவியுமே. இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் நல்ல முதற்பட்டம் பெற்றோர் தகுதிகாண் விரிவுரையாளராக நியமனம் பெற்று, பின்னர்ச் சம்பளத்துடன் கூடிய கல்வி விடுமுறையில் மேற்படிப்புக்குச் செல்லும் வழக்குண்டு. அவ்விடங்கள் சிலவே, எனினும் பதவி முன்னும் பட்டம் பின்னுமாக அமையும் அவ்வொழுங்கே ஏழைக்கு ஏற்றது. கட்டணம் நீக்கிப் படியும் தரும் பிறநாட்டு இடம் கிடைப்பின் அதுவும் ஏற்கத்தக்கதே. கடனே ஒரே வழியெனின் நின்று சிந்தித்தல் வேண்டும்.

மூன்றாவது, எப்போது? இருபத்து மூன்று வயதிற் றொடங்காவிடின் வாழ்வே முடிந்தது என்பதற்கில்லை. மருத்துவராய்த் தொழில் புரிந்த பின்னரே போஸ் உளவியலுக்கு வந்தார். சில ஆண்டுகள் தோட்டப் பாடசாலையிற் கற்பித்து, அடகு வைத்த காதணியை மீட்டு, தங்கையைப் பரீட்சைக்கு அனுப்பிய ஒருவர், தம் வகுப்பறையிற் கண்ட பிள்ளைகளிடமிருந்தே தம் வினாவைப் பெறக்கூடும். காலம் அத்தகையார்க்குப் பகையன்று.

தனியொருவர் விடையளிக்கவேண்டிய கேள்விகள் இவை. சமூகம் விடையளிக்கவேண்டியது ஒன்று எஞ்சுகின்றது. இந்துக் கல்லூரிகள் பல ஊரவரின் பிடியரிசியாலும் வணிகரின் கொடையாலும் எழுந்தவை. கட்டடத்துக்கும் மதிலுக்கும் நிதி திரட்டும் பழைய மாணவர் சங்கங்கள், தோட்டத்திலிருந்து உண்மையானதொரு வினாவோடு வரும் ஒருவருக்கு மூன்று ஆண்டுச் செலவை ஏற்க இயலாதவையல்ல. கொழுந்து பறிப்பவளின் 54 ஆண்டுகளைப் பலர் கூடிப் பகிர்ந்தால் அது சில மாதங்களாகக் குறையும். அப்போது அந்த வீட்டில் எழும் வினாவும் மாறும். செலவு தகுமா என்று கேட்கும் நிலை நீங்கி, ஆராயத்தக்கது யாது என்று கேட்கும் நிலை அங்கே உண்டாகும்.